மூன்று பிறவி எடுத்த கட்டை

கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை. கறுப்பு பிளாஸ்டிக்கில் வார்த்த ஒரு கட்டை. ரைஃபிளின் பின்புறம், தோளில் வைத்து அழுத்திக்கொள்ளும் பாகத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்ட வேண்டும். உள்ளே ஸ்பிரிங் கிடையாது, மோட்டார் கிடையாது. அமெரிக்காவில் இதற்கு ‘பம்ப் ஸ்டாக்’ என்று பெயர். இந்தக் கட்டை செத்துச் செத்துப் பிழைத்த கதை தெரிந்தால், அந்த நாட்டுத் துப்பாக்கி அரசியலில் முக்கால்வாசி புரிந்துவிடும்.

இது பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே இதன் ஜாதகத்தை எழுதிவிட்டார்கள். 1929-ஆம் ஆண்டு காதலர் தினத்தன்று, சிகாகோவில் ரவுடிக் கும்பல் ஒன்று ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளியது. அவர்கள் கையில் இருந்தவற்றில் தாம்சன் இயந்திரத் துப்பாக்கியும் உண்டு. இப்படிப்பட்ட கொலைகளால் நாடு மிரண்டுபோயிருந்த நேரத்தில், 1934-இல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. இயந்திரத் துப்பாக்கி கைமாறினால் 200 டாலர் வரி, பதிவும் கட்டாயம். எதை இயந்திரத் துப்பாக்கி என்பது? விசையின் ஒரே இயக்கத்தில், தானாகவே, ஒன்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுடுவதை. 1986-இல், புதிதாகச் செய்யும் இயந்திரத் துப்பாக்கிகள் பொதுமக்கள் கைக்குப் போகவே கூடாது என்று அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸ் கதவைச் சாத்தியது. ‘விசையின் ஒரே இயக்கம்’ என்ற சொற்கள் மட்டும் அப்படியே நின்றன.

அந்தச் சொற்களைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடியவர்களில் ஒருவர் ஃபுளோரிடாவைச் சேர்ந்த பில் ஏகின்ஸ். சுடும்போதெல்லாம் துப்பாக்கி பின்னால் உதைக்கும். அந்த உதையையே வேலை வாங்கினால் என்ன? பின்னால் வரும் துப்பாக்கியை ஸ்பிரிங் திரும்ப முன்னால் தள்ளும். விசை போய் விரலில் இடிக்கும். அடுத்த குண்டு பாயும். துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் ஏ.டி.எஃப். என்ற மத்திய அமைப்பு 2002-இல் மாதிரியைப் பார்த்து, ‘இது இயந்திரத் துப்பாக்கி அல்ல’ என்றது. அவர் கடை விரித்த பிறகு, 2006-இல் அதே அமைப்பு பேச்சை மாற்றியது. வேலையை ஸ்பிரிங் செய்வதால் இது இயந்திரத் துப்பாக்கிதான். ஸ்பிரிங்கைக் கழற்றிக் கொடுத்துவிடு என்றது. முதல் பிறவி அத்தோடு முடிந்தது.

இரண்டாம் பிறவி டெக்சாஸில், மோரன் என்ற குக்கிராமத்தில். விமானப் படையில் இருந்து வந்த ஜெரமையா காட்டில் அந்த ஸ்பிரிங்கையே எடுத்துவிட்டார். ஸ்பிரிங்கின் வேலையைச் சுடுபவரின் இடது கை பார்த்துக்கொள்ளும். வலது கை ஆள்காட்டி விரல், கட்டையின் ஓரத்தில் இருக்கும் சிறு திட்டின் மேல் அசையாமல் கிடக்கும். இடது கையால் துப்பாக்கியை முன்னால் தள்ளினால் விசை விரலில் இடித்து முதல் குண்டு பாயும். உதையில் துப்பாக்கி கட்டைக்குள் பின்னால் வழுக்கும். விசை விரலை விட்டு விலகும். இடது கை விடாமல் தள்ளிக்கொண்டே இருப்பதால் துப்பாக்கி திரும்ப முன்னால் வந்து, விசை மறுபடி இடிக்கும். விரல் ஆடாது, துப்பாக்கிதான் ஆடும். நிமிடத்துக்கு 400 முதல் 800 குண்டுகள் வரை போகும்.

2010 ஜூனில் ஏ.டி.எஃப். இதற்குப் பதில் கடிதம் எழுதியது: தானாக இயங்கும் பாகம் எதுவும் இதில் இல்லை, ஆகவே இது துப்பாக்கியின் உதிரிப் பாகம் மட்டுமே. கைகளை அதிகம் அசைக்க முடியாதவர்களுக்கு உதவவே இது தயாரிக்கப்படுகிறது என்ற வரியும் அந்தக் கடிதத்தில் உண்டு. ஒபாமா ஆட்சியில் கிடைத்த அந்த ஒரு தாள் போதுமானதாக இருந்தது. கட்டை கடைகளிலும் இணையத்திலும் தாராளமாக விற்றது.

2017 அக்டோபர் 1 இரவு, லாஸ் வேகாஸில் திறந்தவெளி இசை விழா. ஏறக்குறைய 22,000 பேர் கூட்டம். எதிரே இருந்த ஹோட்டலின் 32-ஆவது மாடியிலிருந்து ஒருவன் சுடத் தொடங்கினான். வாணவேடிக்கை என்றுதான் பலர் முதலில் நினைத்தார்கள். பத்து நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகள். காயத்தோடு போராடிப் பின்னால் இறந்தவர்களையும் சேர்த்து 60 உயிர்கள் போயின. அவன் அறையில் பம்ப் ஸ்டாக் மாட்டிய ரைஃபிள்கள் மட்டும் 14 இருந்தன.

நான்கே நாளில் தேசிய ரைஃபிள் சங்கம் வாய் திறந்தது. எந்தக் கட்டுப்பாட்டுக்கும் மசியாத அந்தச் சங்கம், இந்தக் கட்டைக்குக் கூடுதல் விதிகள் வேண்டும் என்றது. இறங்கி வந்ததுபோல்தான் தெரிந்தது. ஆனால் அது கை நீட்டிய இடத்தைக் கவனிக்க வேண்டும். காங்கிரஸ் சட்டம் போடட்டும் என்று அது கேட்கவில்லை, ஏ.டி.எஃப். மறுபரிசீலனை செய்யட்டும் என்றது. அன்றைய சபாநாயகர் பால் ரயனும் அதையே சொன்னார். அப்படிச் செய்தால் காங்கிரஸ் உறுப்பினர் யாரும் ஓட்டுப் போட வேண்டாம். தொகுதியில் யாருக்கும் பதில் சொல்லவும் வேண்டாம். செனட்டர் டயான் ஃபைன்ஸ்டைன் மட்டும் திரும்பத் திரும்ப எச்சரித்தார்: அதிகாரிகள் போடும் தடை கோர்ட்டில் மாட்டிக்கொள்ளும், சட்டம்தான் வழி. அவருடைய மசோதா ஓட்டெடுப்பு வரை வரவே இல்லை.

மாநிலங்கள் காத்திருக்கவில்லை. நவம்பரிலேயே மாசசூசெட்ஸ் தடை விதித்தது. 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டதும், அந்த மாநிலத்தின் குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட் கையெழுத்திட்ட சட்டத்தில் பம்ப் ஸ்டாக் தடையும் சேர்ந்தது. வேட்டைக்குப் பேர்போன வெர்மான்ட் அடுத்து வந்தது. நெவாடாவில் 2019-இல் தடைச் சட்டத்தில் கையெழுத்திட்ட ஆளுநர் ஸ்டீவ் சிசொலாக், லாஸ் வேகாஸ் படுகொலை நடந்தபோது அந்த ஊர் இருக்கும் மாவட்டத்தின் நிர்வாகக் குழுவின் தலைவராக இருந்தவர்.

வாஷிங்டனில் டிரம்ப் அரசு அதிகாரிகள் வழியையே தேர்ந்துகொண்டது. 2018 டிசம்பரில் புது விதி: பம்ப் ஸ்டாக்கும் இயந்திரத் துப்பாக்கியே. 90 நாளில் ஒப்படைக்க வேண்டும், இல்லையென்றால் நொறுக்கியோ உருக்கியோ அழிக்க வேண்டும். 5,20,000 வரை புழக்கத்தில் இருக்கலாம் என்பது அரசின் கணிப்பு. டெக்சாஸில் ஒரே நிறுவனத்திடம் இருந்த 60,000 கட்டைகள் அரவை இயந்திரத்துக்குப் போயின. இரண்டாம் பிறவியும் முடிந்ததாகவே எல்லோரும் நினைத்தார்கள்.

ஆஸ்டினில் துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் மைக்கேல் கார்கில் தன்னிடம் இருந்த இரண்டு கட்டைகளை ஒப்படைத்துவிட்டு, நேரே நீதிமன்றம் போனார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை ஏறியது. வேடிக்கை என்னவென்றால், ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தரும் இரண்டாம் சட்டத் திருத்தம் அங்கே பேச்சே இல்லை. 1934-இன் அந்தச் சொற்களுக்குப் பொருள் என்ன என்பதுதான் கேள்வி. 2024 ஜூன் 14 அன்று 6-க்கு 3 என்று தீர்ப்பு வந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் விசை விடுபட்டு மறுபடி இயங்குகிறது, ஆகவே இது ‘ஒரே இயக்கம்’ அல்ல என்று நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் விசையின் உட்புறப் படங்களோடு எழுதினார். சுடுபவர் ஒரு முறை தொடங்கிவிட்டுத் தள்ளிக்கொண்டிருந்தால் போதும், குண்டு மழைதான். இதற்கு வேறென்ன பெயர் என்று நீதிபதி சோனியா சொடொமயோர் மறுத்தார். விசை எத்தனை முறை அசைகிறது என்று பெரும்பான்மை எண்ணியது; விரல் எத்தனை முறை வேலை செய்கிறது என்று சிறுபான்மை எண்ணியது. ஃபைன்ஸ்டைன் எச்சரித்தது அப்படியே நடந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. 2023 செப்டம்பரில் காலமாகிவிட்டார்.

பெரும்பான்மைப் பக்கம் நின்ற நீதிபதி சாமுவேல் அலிட்டோவே தனிக் குறிப்பில் வழி காட்டினார்: காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தலாம். நான்கு நாள் கழித்து, செனட்டர் மார்ட்டின் ஹெய்ன்ரிக் தடை மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றச் சொல்லிக் கேட்டார். நெப்ராஸ்கா செனட்டர் பீட் ரிக்கெட்ஸ் மறுத்தார். ஒருவர் மறுத்தாலே போதும்; பேச்சு முடிந்தது.

இப்போது நடப்பது மூன்றாம் பிறவி. மாநிலத் தடைகளை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. அதனால் நெவாடாவில் குற்றப் பொருளாக இருக்கும் அதே கட்டை, டெக்சாஸில் கடைச் சரக்கு. இந்தக் கட்டையை அனுமதித்தது ஒரு கடிதம், தடுத்தது ஒரு விதி, மீட்டது ஒரு தீர்ப்பு. சட்டம் இயற்றவென்றே மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய சபை மட்டும் இந்த ஒரு துண்டு பிளாஸ்டிக்குக்கு ஒரு வரி எழுதவில்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் லாஸ் வேகாஸில் உயிரிழந்த 60 பேரும் இன்னும் காத்திருக்கிறார்கள்.