ஸீஸாவில் காத்திருந்த போர்வைகள்

பலெர்மோவில் இருக்கும் எங்கள் சனங்களுக்குக் கொள்ளைநோய் என்றால் சாந்தா ரோசலியாதான் நினைவுக்கு வருவார். 1624 மே மாதம் துனீசிலிருந்து வந்த கப்பலோடு நோய் இறங்கியது. ஜூலை 15 இல் பெல்லெக்ரினோ மலைக் குகையில் புனிதையின் எலும்புகளைக் கண்டெடுத்தார்கள். சைவரும் கத்தோலிக்கருமாக நாங்கள் இன்றைக்கும் வெறுங்காலோடு அந்த மலை ஏறுகிறோம். நான் சொல்ல வந்தது அதற்கு அரை நூற்றாண்டு முந்திய கதை. அதில் புனிதர் எவருமில்லை. மெத்தையும் போர்வையும்தான்.

1575 இல் நோய் பரவியபோது சிசிலியின் தலைமை மருத்துவர் ஜொவான்னி பிலிப்போ இன்கிராசியா. அடுத்த ஆண்டே அதைப்பற்றிப் பெரிய நூலொன்றை இங்கே அச்சிட்டார். செலவுக்குப் பொன், கட்டளையை மீறுவோருக்குத் தூக்குமரம், தொற்றிய பொருட்களுக்கு நெருப்பு, இம்மூன்றும் வேண்டும் என்பது அவர் கட்சி. கூபா என்ற பழைய நோர்மன் மாளிகை (அந்த நாட்டோடு சம்பந்தமில்லை) நோயாளர் விடுதியானது.

பொன் ஏழை வீட்டுக்கு வருவதில்லை, நெருப்பு வரும். குடும்பம் முழுவதும் படுக்கிற ஒரே மெத்தையை எரிக்க வருகிறார்கள் என்றால் ஒளிக்கத்தான் தோன்றும். ஒளித்தால் தூக்குமரம். 1897 இல் புனேயில் பிளேக் அதிகாரி றாண்ட் சுடப்பட்டதற்குப் பின்னாலும் வீடு புகுந்து சோதித்ததும் உடைமைகளை அழித்ததும் கிளப்பிய கோபம் இருந்தது.

துணியைச் சந்தேகித்ததும் பிழையில்லை. 1894 இல் ஹொங்கொங்கில் யெர்சின் கிருமியைக் கண்டார். 1898 இல் கராச்சியில் சிமோன் எலித்தெள்ளைக் காட்டிக்கொடுத்தார். மடித்த கம்பளிக்குள் தெள்ளு ஒளிந்திருக்கும். கொதிநீருக்கோ நீராவிக்கோ அது தப்பாது. எங்கள் ஊர் வெள்ளாவியும் நீராவிதானே. இத்தாலியப் பெண்களும் சாம்பற்காரம் கலந்த வெந்நீரை ஊற்றித்தான் விரிப்புகளை வெளுத்தார்கள். ஆனால் அதை அவர்கள் தங்கள் கையால் செய்தார்கள். நாங்களோ பிள்ளைப்பேற்றுத் துணியையும் செத்தவீட்டுத் துணியையும் ஒரு சாதியின் தலையில் ஏற்றிவிட்டு எங்கள் வீட்டுத் துப்புரவைப் பற்றிப் பெருமை பேசினோம்.

பருத்தி காரத்தைத் தாங்கும். கம்பளி தாங்காது, சுருங்கித் தடித்துவிடும். எரிக்கவும் மனமில்லை, அவிக்கவும் முடியாது என்றால் பொருளைத் தனியே வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். அந்த நூற்றாண்டின் கொள்ளைநோய் ஒன்றின்போது ஸீஸா மாளிகையை அதற்குத்தான் பயன்படுத்தினார்கள். முதலாம் வில்லியம் 1165 இல் கட்டத் தொடங்கிய கோடை அரண்மனை அது. அரசர் குளிர்ச்சி காணத் தண்ணீர் ஓடிய கூடங்கள், பாழடைந்த காலத்தில் தடுப்புக் காவலில் வைத்த பொருட்களின் களஞ்சியமாயின. உல்லாசப் பயணிகள் சுவரின் பொன்நிறச் சித்திரங்களைப் படமெடுக்கிறார்கள். எனக்கு அங்கே மூட்டைகள்தான் தெரியும்.

எங்கள் பக்கத்தில் அப்படியோர் இடம் மண்டபம். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தமிழரை இலங்கை அரசு இந்தியக் கரையிலேயே அங்கு மறித்து வைத்தது. நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். உடுபுடவை நீராவிக்குப் போகும். பிறகு அதே இடம் கடல் கடந்து திரும்பி ஓடியவர்களின் அகதி முகாமாயிற்று. 1990 இல் அம்மாவுக்கு அங்கே ஒரு சாம்பல் நிறக் கம்பளி கிடைத்தது. அது இப்போது பலெர்மோவில் இருக்கிறது.

2020 மார்ச்சில் அம்மாவுக்குக் காய்ச்சல். நோயாளியின் விரிப்புகளை உதறாமல் எடுத்து 60 பாகைக்குக் குறையாத வெந்நீரில் தோய்க்கச் சொன்னார்கள். பிறர் வீட்டு விரிப்புகளைத் தோய்த்துத்தான் நான் இந்த ஊரில் சீவிக்கிறேன்; வேலை கைவந்தது. பெட்சீற்றுகளை இயந்திரத்தில் போட்டேன். கம்பளியைக் கையுறையோடு மடித்து, கறுப்புப் பையில் கட்டி, பல்கனி மூலையில் வைத்தேன். எறிந்துவிடு என்றார் கணவர். அம்மா கட்டிலில் கிடந்தபடியே அந்தப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவிழ்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சச் சவர்க்காரத்தோடு அமிழ்த்தி, முறுக்காமல் அழுத்தித் தண்ணீர் வடித்தேன். கொடியில் தொங்கவிட்டால் இழுபட்டுவிடும் என்று மேசைமேல் விரித்தேன். அன்றைக்குச் சிரோக்கோ வீசியது. சகாராவிலிருந்து வரும் அந்தச் சூட்டுக்காற்றில் பின்னேரத்துக்குள் காய்ந்துவிட்டது. செம்மண் தூசும் படிந்துவிட்டது. மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டு, இன்னொருக்கால் தோய் என்றா அம்மா.