காசியில் எழுதின வைத்தியம்

திருப்பனந்தாள்காரர்களுக்குக் காசி என்றால் காசி மடமும் குமரகுருபரரும்தான் ஞாபகம் வரும். வைத்தியம் படித்தவர்களுக்குச் சுசுருதர் ஞாபகம் வருவார். தன்வந்திரியின் அவதாரமாகிய காசி ராஜா திவோதாசரிடம் பாடம் கேட்டவர் அவர் என்பது ஐதீகம். அவர் பெயரால் வழங்கும் சம்ஹிதையில், ஆண்கள் யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு வியாதிக்கு வைத்தியம் இருக்கிறது. ஆண்குறியின் முன்தோல் இறுகிப்போய்ப் பின்னுக்குத் தள்ள முடியாத நிலை அது. இன்றைய டாக்டர்கள் ஃபைமோசிஸ் என்கிறார்கள்.

சுசுருதர் வைத்த பெயர் நிருத்தப்பிரகசம். நிதான ஸ்தானம் 13ஆம் அத்தியாயத்தில் அடையாளம் சொல்கிறார்: தோல் மூடிக்கொண்டு வழியை அடைக்கும், மூத்திரம் மெல்லிய தாரையாக வரும். சிகிச்சை ஸ்தானம் 20ஆம் அத்தியாயத்தில் வைத்தியம். இரண்டு பக்கமும் வாயுள்ள ஒரு குழாய், இரும்பிலோ மரத்திலோ அரக்கிலோ செய்தது. அதில் நெய் தடவி உள்ளே செலுத்த வேண்டும். மூன்று நாளைக்கு ஒருமுறை முன்னதைவிடக் கொஞ்சம் பருத்த குழாயாக மாற்ற வேண்டும். மேலே ஊற்றுவதற்குப் பன்றிக் கொழுப்பு, எண்ணெய். சாப்பாடு நெய்ப்பசையோடு இருக்க வேண்டுமாம்! இப்படித் துவாரத்தை மெல்ல மெல்ல விரிக்கச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம்தான் கத்தியைப் பற்றிப் பேசுகிறார். அதிலும் அடிப்பக்கம் ஓடும் தையல் போன்ற கோட்டை விட்டுவிட்டு அறுக்க வேண்டும், பிறகு புதுக் காயத்தைப் போல ஆற்ற வேண்டும் என்று எச்சரிக்கை.

இன்றைய வைத்தியமும் ஏறக்குறைய இதே வரிசைதான். நெய்க்குப் பதில் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு களிம்பு. 1990களிலிருந்து இது பரவலாயிற்று. தினம் இரண்டு வேளை, நாலிலிருந்து எட்டு வாரம் தடவிக்கொண்டே தோலை வலிக்காத அளவுக்கு இழுத்துப் பழக்க வேண்டும். அரக்குக் குழாய்க்குப் பதிலாக சிலிக்கான் வளையங்கள்கூட வந்துவிட்டன. பலருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

பிரான்ஸ் ராஜா 16ஆம் லூயிக்கு இந்தக் கோளாறு என்று வெகுநாள் பேசினார்கள். 1770இல் கல்யாணம், முதல் குழந்தை 1778 டிசம்பரில். நடுவில் ஆபரேஷன் நடந்தது என்பது கதை. ராஜாவைப் பார்த்த வைத்தியர்கள் அது தேவையில்லை என்று சொன்னதாகவே தெரிகிறது. ராஜாவானால் இது ஊர்ப்பேச்சு, நம்மவர்களுக்கு ரகசியம்.

சின்னக் குழந்தைகள் விஷயம் வேறு. பிறந்த குழந்தைக்கு முன்தோல் ஒட்டிக்கொண்டிருப்பது இயற்கை, தானே பிரியும் என்று 1949இலேயே டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற டாக்டர் எழுதினார். குளிப்பாட்டும்போது பாட்டிமார் பலவந்தமாகத் தள்ளிவிடுவது தப்பு.

பெரியவர்களுக்குப் புதிதாக வருவதற்கு முக்கிய காரணம் சர்க்கரை. மூத்திரத்தில் சர்க்கரை இறங்கினால் அங்கே பூஞ்சை பிடிக்கும், வெடிக்கும், ஆறும், ஆறின இடம் தழும்பாகி இறுகும். எனக்கு 63 வயதில் அப்படித்தான் வந்தது. கும்பகோணத்தில் டாக்டர் முதலில் சர்க்கரையை இறக்கினார், பிறகு ஆறு வாரம் களிம்பு கொடுத்தார். புண் ஆறிற்று, தழும்பு விடவில்லை. ஆபரேஷன்தான் என்றார்.

வீட்டில் சொன்னதும், "ஏங்க, அது சாயபுமார் வீட்டு மார்க்கக் கல்யாணம் இல்லையா?" என்றாள் மனைவி.

"அவங்களுக்குச் சடங்கு, எனக்கு வைத்தியம்" என்றேன்.

"அப்ப பந்தி கிடையாதா?" என்றாள்.

மரத்துப்போக ஊசி போட்டு முக்கால் மணி நேரம். சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டேன். தையல் தானே கரைந்தது. இரண்டு வாரம் வேட்டி உரசுவதுதான் பெரிய தொந்தரவு. ஆறு வாரம் தாம்பத்தியம் கூடாது என்று டாக்டர் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.

இறுக்கமான தோலைப் பலவந்தமாகப் பின்னே தள்ளி, அது திரும்பி வராமல் கழுத்தில் மாட்டிக்கொண்டால் ஆபத்து. சுசுருதர் அதற்கும் பரிவர்த்திகை என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார். வீங்கிக்கொண்டே போகும், ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அங்கே பூஞ்சை பிடிப்பது அதிகம். அரிப்போ சிவப்போ கண்டால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். மூடின தோலுக்குள் ஆறாத புண், கட்டி, ரத்தம், துர்நாற்றம் இருந்தால் களிம்பை நம்பி நாள் கடத்தக் கூடாது. ஆண்குறிப் புற்றுநோய் அந்த மறைவில்தான் வளரும், ஆரம்பத்தில் பார்த்தால் உறுப்பைக் காப்பாற்றிவிடலாம்.