1848இல் ஒரு சித்திர ஆசிரியரின் பயணமும் நம் மலைப் பிள்ளைகளின் சித்திரக் கொப்பியும்

இன்று கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். பாடசாலைப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர் கட்டாயம் வாசியுங்கள்.

எல்லப் பக்கம் போனால் ஒன்பது வளைவுப் பாலத்தடியில் வெளிநாட்டார் சிலர் வர்ணப்பெட்டியைத் திறந்து வைத்து மலையை வரைந்துகொண்டிருப்பதைக் காணலாம். கூட வந்தவர்கள் இளநீர் குடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். கூட்டமாகப் பயணம் போய், போகிற இடத்தில் உட்கார்ந்து வரைவது இலங்கைக்குப் புதிதல்ல. கமரா வந்து பரவும் முன்னர் தூர தேசத்தைக் காட்ட அதுதான் வழி. அப்படிப் பயணம் போன ஒருவரைப் பற்றித்தான் இன்று எழுதப்போகிறேன். அவரும் என்னைப்போல ஒரு வாத்தியார்.

பெயர் அன்ட்ரூ நிக்கல். 1804இல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரில் பிறந்தவர். தகப்பன் சப்பாத்து செய்பவர். மகன் ஓர் அச்சகத்தில் வேலை பழகினார். ஓவியம் தானாகவே கைவந்தது. அயர்லாந்தின் வட கரையில் அன்ட்ரிம் என்ற பகுதி இருக்கிறது. அந்தக் கரையோரமாகப் போய் நூறுக்கு மேற்பட்ட காட்சிகளை வரைந்தார். 1846இல் கொழும்புக்கு வந்து 'கொழும்பு அக்கடமி'யில் நிலக்காட்சி ஓவியமும் தொழில்நுட்ப வரைதலும் கற்பித்தார். அந்த அக்கடமிதான் இன்றைய கொழும்பு றோயல் கல்லூரி.

அவர் ஊரைவிட்டு வந்த ஆண்டைக் கவனியுங்கள். அப்போது அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் நோயில் அழிந்து பெரும் பஞ்சம். சுமார் பத்து இலட்சம் பேர் செத்தார்கள். இன்னும் பத்து இலட்சம் பேர் கப்பலேறிப் போனார்கள். பசியால் ஊர் கலைவது என்றால் என்னவென்று அறிந்த நாட்டிலிருந்து வந்த மனிதர் அவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிக்கலை ஆதரித்தவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். அவரும் பெல்பாஸ்ட்காரர். இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளர், அதாவது தேசாதிபதிக்கு அடுத்த பெரிய அதிகாரி. 1848 ஜூலையில் டெனன்டின் பயணக் குழுவோடு நிக்கலும் காட்டுக்குள் போனார். ஐந்து வாரப் பயணம். அதைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கட்டுரை 1852இல் டப்ளினிலிருந்து வந்த ஒரு சஞ்சிகையில் வெளியானது. 'இலங்கைக் காடுகளில் ஐந்து வார வரைதல் பயணம்' என்று தலைப்பு. சிதைந்த கோயில்கள், பெருஞ்சிலைகள், குளங்கள், தாதுகோபங்கள் என்று, தான் வரையப் போனவற்றையும் தலைப்பிலேயே வரிசைப்படுத்தியிருந்தார்.

அவர் செய்த வேலை பெரிய வேலை. அநுராதபுரத்துத் தாதுகோபங்கள் அன்று மரம் முளைத்த குன்றுகளாகக் கிடந்தன. தொல்பொருள் திணைக்களம் இல்லை, புனரமைப்பு இல்லை. அந்த நிலையை உட்கார்ந்து பார்த்து, கோடு கோடாகப் பதிந்தவர்களில் அவர் முக்கியமானவர். 1859இல் டெனன்ட் 'சிலோன்' என்று இரண்டு பெரும் பாகங்களில் நூல் வெளியிட்டார். அதில் நிக்கலின் சித்திரங்கள் உண்டு. ஐரோப்பாவில் நம் நாட்டைப் பற்றிய எண்ணம் உருவானதில் அந்த நூலுக்குப் பெரிய பங்கு.

ஆனால் அந்த ஐந்து வாரத்தில் நாட்டில் வேறென்ன நடந்தது? நம் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் இதைப் படிக்கிறார்கள். 1847, 48இல் கோப்பி விலை விழுந்தது. அரசாங்கத்தின் பை காலி. டொரிங்டன் தேசாதிபதி புதிய வரிகளைப் போட்டார். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி. வருடத்தில் ஆறு நாள் றோட்டு வேலை செய், இல்லையென்றால் காசு கட்டு என்று ஒரு சட்டம். ஜூலை 28ஆம் திகதி தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டாவுக்கு முடிசூட்டினார்கள். மறுநாள் இராணுவச் சட்டம். ஓகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் புரன் அப்புவைச் சுட்டுக் கொன்றார்கள். இலங்கையின் வரி முறையை மாற்றச் சொல்லி அறிக்கை எழுதியவர் வேறு யாருமல்ல, நிக்கலைக் கூட்டிக்கொண்டு போன அதே டெனன்ட்தான். சித்திரக்காரர் வர்ணம் குழைத்த காட்டின் பக்கத்திலேயே நாடு எரிந்தது.

இது அரச கதை. நம் மலைக்கு வேண்டிய கதை இன்னொன்று இருக்கிறது.

நிக்கலின் பயணம் ஊவாப் பக்கம் வரவில்லை, வடக்குக் காடுகளுக்குப் போனது. ஆனால் அதே காடுகளை ஊடறுத்துத்தான் வடக்குப் பாதை போனது. மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளைக்கு வரும் நடைபாதை. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு ஆட்கள் வந்த பாதை. என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பலரின் பூட்டன் பூட்டிமார் நடந்த பாதை. கங்காணி முன்னே, ஆணும் பெண்ணும் கைக்குழந்தையும் பின்னே. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. காய்ச்சலும் வாந்திபேதியும். விழுந்தவரை விட்டுவிட்டுப் போக வேண்டிய நிலை. 1841 முதல் 1848 வரை சுமார் 70,000 பேர் இப்படி இறந்திருப்பார்கள் என்று 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை 1849இல் கணக்குச் சொன்னது. தோட்டக்காரர்களுக்கு விரோதமான பத்திரிகை அல்ல அது. அதுவே சொன்ன கணக்கு.

ஒரே நாடு, ஒரே காடு, ஒரே ஆண்டுகள். ஒரு பக்கம் ஐந்து வாரம் ஆறுதலாக வரைந்த பயணம். மறுபக்கம் எழுபதாயிரம் பேர் செத்த பயணம். முதலாவதுக்குச் சித்திரம் இருக்கிறது, கட்டுரை இருக்கிறது, தாளில் திகதி இருக்கிறது. இரண்டாவதில் விழுந்தவர்களுக்குப் பெயர்கூட இல்லை.

இதற்காக நிக்கலைத் திட்டுவதில் பிரயோசனம் இல்லை. அக்கால நிலக்காட்சி ஓவியத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. மலையும் மரமும் இடிந்த கட்டடமும்தான் சித்திரம். மனிதர்களை ஓரத்தில் சின்னதாகப் போடுவார்கள். இந்தத் தாதுகோபம் எவ்வளவு உயரம் என்று அளவு காட்ட ஒரு ஆள் வேண்டும், அதற்காக. அந்த ஆள் யார், எங்கே போகிறார், சாப்பிட்டாரா என்பது சித்திரத்தின் கேள்வி அல்ல.

அதற்குப் பின் வந்தவர்களும் பெரும்பாலும் அதே வழிதான். 1872 முதல் 1874 வரை கொன்ஸ்டன்ஸ் கோர்டன் கமிங் என்ற ஸ்கொட்லாந்துப் பெண் ஓவியர் கொழும்பு பிஷப்பின் விருந்தினராக வந்து நாடு சுற்றி வரைந்தார். 1892இல் அதை நூலாக்கினார். 'இலங்கையில் இரண்டு மகிழ்ச்சியான ஆண்டுகள்' என்று பெயர் வைத்தார். 1882 பெப்ரவரியில் ஜெர்மன் விஞ்ஞானி ஏர்ன்ஸ்ட் ஹெக்கல், பேராதனைப் பூங்கா இயக்குநர் ட்ரைமனோடு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனார். நம் ஓஹியாவுக்கு அடுத்த மேடு அது. உலக முடிவு வரை போய்ப் பார்த்தார். அவரும் நீர்வர்ணம் தீட்டுபவர். பிறகு தபாலட்டைகள் வந்தன. கொழுந்துக் கூடையோடு நிற்கும் பெண்ணின் படம், கீழே 'தமிழ்க் கூலி' என்று இரண்டு சொல். மலைக்குப் பெயர் போட்டார்கள், தோட்டத்துக்குப் பெயர் போட்டார்கள், அந்தப் பெண்ணுக்குப் போடவில்லை.

முஸ்லிம்களான எங்கள் கதையும் இதில் ஒன்றுதான். வண்டிப் பாதை வரும் முன்னர் ஊவாவுக்கு உப்பும் கருவாடும் துணியும் வந்தது தவளத்தில். மாட்டு முதுகில் பொதி ஏற்றி வரிசையாக மலையேறுவார்கள். அதை நடத்தியவர்களில் எங்கள் ஆட்கள் நிறையப் பேர். 1817இல் வெல்லஸ்ஸவில் தவளப் போக்குவரத்துக்குப் பொறுப்பாக ஹாஜி மரிக்கார் என்பவரை முகாந்திரமாகப் பிரித்தானியர் நியமித்ததும், அது கண்டித் தலைவர்களின் கோபத்தைக் கிளறியதும், பதுளையில் இருந்த அதிகாரி வில்சன் அங்கே போய்க் கொல்லப்பட்டதும் ஊவாக் கிளர்ச்சியின் தொடக்கம். இவ்வளவு பெரிய சம்பவத்தின் நடுவில் தவளம் இருக்கிறது. ஆனால் தவளம் என்றால் என்ன, ஒரு மாட்டில் பொதி எப்படிக் கட்டுவது, மணி எங்கே தொங்கும் என்று கேட்டால் நம் வீட்டில் எத்தனை பேரால் ஒரு படம் போட்டுக் காட்ட முடியும்? என் உம்மம்மா வாயால் சொல்லக் கேட்டதோடு சரி.

இப்போது வகுப்பறைக்கு வருகிறேன். ஒருமுறை சித்திரப் பாட நேரத்துக்கு மாற்றாசிரியராகப் போக வேண்டி வந்தது. 'எங்கள் வீடு' வரையுங்கள் என்றேன். பெரும்பாலான பிள்ளைகள் தோட்டத்துப் பிள்ளைகள். முப்பது கொப்பியிலும் ஏறக்குறைய ஒரே படம். இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஓட்டுக்கூரை போட்ட தனி வீடு, பக்கத்தில் ஒரு தென்னை மரம், முன்னால் ஆறு. ஒரு பிள்ளையும் லயம் வரையவில்லை. தகரக் கூரை இல்லை, இஸ்தோப்பு இல்லை, பீலித் தண்ணீர் இல்லை, பிள்ளைக்காம்பரா இல்லை. அவர்கள் மலையில் தென்னை மரமும் இல்லை! 'ஏன் மகள், உங்கட வீடு இப்படியா?' என்று ஒரு பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டேன். 'அது வரையிற வீடு இல்ல சேர்' என்றாள்.

அந்தப் பதில் என்னை விட்டுப் போகவில்லை. வரையத் தகுந்தது எது, தகாதது எது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் வாயால் சொல்லிக் கொடுக்கவில்லை. பாடப்புத்தகம் சொன்னது, கலண்டர் சொன்னது, உல்லாசப் பிரயாண விளம்பரம் சொன்னது. மலை அழகு, தேயிலை அழகு, அதற்குள் இருக்கும் வீடு வெட்கம்.

லயம் நல்ல வீடு என்று நான் சொல்லவரவில்லை. அது போக வேண்டும், ஒவ்வொரு குடும்பத்துக்கும் காணியும் வீடும் வர வேண்டும். ஆனால் போகும் முன் பதிவு இருக்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. லயங்கள், கோயில், கடை எல்லாம் மண்ணுக்கடியில். ஒரு காலைப் பொழுதில் ஒரு ஊர் இல்லாமல் போனது. அந்த ஊர் எப்படி இருந்தது, யார் வீட்டுக்கு அடுத்தது யார் வீடு என்று காட்ட அங்கே படித்த பிள்ளைகளின் கொப்பிகளில் ஏதாவது இருந்திருக்குமா, அல்லது அங்கேயும் தென்னை மரமும் ஆறும்தானா என்று நினைத்தால் மனம் கனக்கிறது. நம் மாவட்டத்தில் மண்சரிவு எச்சரிக்கை இல்லாத மழைக்காலம் இல்லை. மீதி ஊர்களையாவது நாம் தாளில் எடுத்து வைக்க வேண்டாமா?

இதற்கு நிக்கலிடமே ஒரு பாடம் இருக்கிறது. அயர்லாந்தில் அவர் பெயர் வாங்கியது ஒரு தனி முறையால். றோட்டோரக் காட்டுப் பூக்களையும் புல்லையும் சித்திரத்தின் முன்னால் பெரிதாக, இதழ் இதழாக வரைவார். கடலும் மலைப்பாறையும் கோட்டையும் அதற்குப் பின்னால் தூரத்தில் நிற்கும். வேறொருவர் மிதித்துப் போகும் பூண்டு அவர் தாளில் முதலிடம் பெறும். இதே முறையை நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்ளட்டும். நமுனுகுல மலை பின்னால் நிற்கட்டும். முன்னால் இஸ்தோப்பு பெரிதாக வரட்டும். அதில் காயப்போட்ட கொழுந்துப் படங்கும், அம்மாவின் கூடையும், தம்பியின் சப்பாத்தும் வரட்டும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த விடுமுறையில் பிள்ளையிடம் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, சொந்த ஊரில் ஐந்து இடத்தை நேரில் உட்கார்ந்து வரையச் சொல்லுங்கள். பெரட்டுக்களம், ஸ்டோர், பழைய கடை, பள்ளிவாசல், கோயில், விகாரை, பீலி, மையவாடி, எதுவானாலும் சரி. அழகாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கண்ணால் பார்த்ததாக இருக்க வேண்டும். ஆள் வந்தால் அவர் பெயரைக் கேட்டுப் படத்துக்குக் கீழே எழுத வேண்டும். ஊர், திகதி, வரைந்தவர் பெயர் மூன்றும் கட்டாயம். வீட்டில் வயதானவர் இருந்தால் பக்கத்தில் இருத்தி, 'இங்கே முந்தி என்ன இருந்தது?' என்று கேட்டு அதையும் எழுதட்டும். அப்படி எழுதினால்தான் அது ஆவணம்.

2023இல் மலையகம் 200 நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் அந்தப் பழைய பாதையில் மீண்டும் நடந்தார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஓகஸ்ட் 12இல் முடித்தார்கள். 1848இல் தம்புள்ளையில் முடிசூட்டிய அதே ஜூலை 28. வழியில் சிங்கள, முஸ்லிம் ஊர்க்காரரும் சேர்ந்து வரவேற்றார்கள். பெயர் இல்லாமல் விழுந்தவர்களுக்காகப் பெயர் உள்ளவர்கள் நடந்த நடை அது. கால் செய்ததை இனிக் கையும் செய்யட்டும்.

உங்கள் பிள்ளை வரைந்ததை எனக்கு அனுப்புங்கள். வருட இறுதியில் பாடசாலை மண்டபத்தில் சுவரில் ஒட்டி வைப்போம். லயம் வரைந்த பிள்ளைக்கு முதல் வரிசையில் இடம்.