அடுப்பங்கரைப் புகைக்கு வழி தேடிய கதை

எரிவாயு வருவதற்கு முன் கட்டிய ஓட்டு வீடு ஏதேனும் உங்கள் ஊரில் மிஞ்சியிருந்தால், அதன் அடுப்பங்கரைக்குள் சென்று ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். கைமரங்களும் சட்டங்களும் தார் பூசியதுபோல் கறுத்துப் பளபளக்கும். விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். விறகு முழுமையாக எரியாதபோது வெளிப்படும் எண்ணெய்ப் பசையும் கரித்துகளும் கலந்து பல பத்தாண்டுகளாகப் படிந்த படிவு அது. மரத்தின்மேல் படிந்தது இவ்வளவு என்றால், அந்த அடுப்பின்முன் நாள்தோறும் மூன்று நான்கு மணி நேரம் குனிந்து, ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தவரின் நுரையீரலில் படிந்தது எவ்வளவு?

அத்தகைய அடுப்பங்கரையைச் சீர்திருத்த வேண்டும். ஆனால் கையில் காசு குறைவு. முதலில் எதைச் செய்வது? சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கலாம். சில மாதங்களில் மறுபடியும் கறுத்துவிடும். அலமாரி அடிக்கலாம், அதில் அடுக்கும் பாத்திரத்தின்மேலும் கரி படியும். புகையை வெளியேற்றாமல் செய்யும் எந்தச் செலவும் வீண் செலவுதான். வசதியுள்ளவர் உயரமான புகைக்கூண்டு கட்டிக்கொள்வார். மற்றவர்கள் மண்ணையும் நாலு செங்கல்லையும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? இக்கேள்விக்கு விடை தேடியவர்களின் கதையைத்தான் இங்கே காணப்போகிறோம். இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கதை இது. வெற்றிகளைவிடத் தோல்விகளே இதில் அதிகம். நமக்குக் கற்றுத் தருபவையும் அவையே.

இந்த வேலையில் இறங்கிய இயற்பியலாருள் முதன்மையானவர் ரம்ஃபோர்டு பிரபு. பீரங்கிக் குழாயைத் துளையிடும்போது உண்டாகும் வெப்பத்தைக் கண்டு, வெப்பம் என்பது ஒரு பாய்பொருள் அன்று என 1798-ல் வாதிட்டவர் என்று அவரைப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அவர் ஓர் அடுப்புப் பித்தர் என்பதைப் பாடநூல்கள் சொல்வதில்லை. 1753-ல் அமெரிக்காவில் பெஞ்சமின் தாம்சன் என்ற பெயருடன் பிறந்த இவர், பின்னர் ஜெர்மானியப் பகுதியான பவேரியாவில் உயர்பதவி வகித்தார். மியூனிக் நகரில் 1790-ல் ஏழைகளுக்கென ஒரு தொழிலகம் தொடங்கியபோது, ஏறத்தாழ ஆயிரம் பேருக்குச் சமைக்க வேண்டியிருந்தது. விறகுச் செலவைக் குறைத்தே தீரவேண்டும். திறந்த நெருப்பின்மேல் பாத்திரம் வைக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு பாத்திரத்தையும் செங்கல் கட்டுமானத்துக்குள் பாதி இறக்கி, அடியில் தனித்தனியே சிறு நெருப்பு மூட்டச் செய்தார். காற்று புகும் வாய்க்கு ஒரு கதவு. புகை செல்லும் வழிக்கு ஓர் அடைப்புத் தகடு.

அவரது சமையலடுப்பு பெரிய நிறுவனங்களுக்குப் பொருந்தியதேயன்றிச் சிறு குடும்பங்களுக்குப் பொருந்தவில்லை. ஆனால் 1795-ல் லண்டன் திரும்பியபின் அவர் செய்த இன்னொரு வேலை நம் கதைக்கு நெருக்கமானது. அங்கே குளிர்காயும் கணப்புகள் அறைக்குள்ளேயே புகையைக் கக்கிக்கொண்டிருந்தன. அவர் எதையும் இடிக்கவில்லை. புகைவழியின் தொண்டையைச் சில செங்கற்களால் சுமார் 10 செ.மீ. அகலத்துக்குக் குறுக்கினார், கணப்பின் பக்கச் சுவர்களைச் சாய்த்து வைத்தார். அவ்வளவுதான்! வழியைக் குறுக்கினால் புகை எப்படி நன்றாகப் போகும் என்று நீங்கள் கேட்கலாம். அகன்ற தொண்டை வழியே அறையின் குளிர்ந்த காற்று ஏராளமாக உள்ளே நுழைந்து புகையைக் குளிர்வித்துவிடும். குளிர்ந்த புகைக்கு மேலே ஏறும் வலு இல்லை. இதை விளக்கி 1796-ல் அவர் கட்டுரை வெளியிட்டார்.

அந்த வலு எவ்வளவு என்று நாமே கணக்கிட்டுப் பார்ப்போம். வெளிக் காற்றின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் என்றால், ஒரு கன மீட்டரின் நிறை ஏறத்தாழ 1.16 கிலோ. புகைக்குழாய்க்குள் 150 டிகிரி என்றால், அது 0.83 கிலோதான். வேறுபாடு 0.33 கிலோ. இதைக் குழாயின் உயரமான 3 மீட்டராலும், புவியீர்ப்பு முடுக்கமான 9.8-ஆலும் பெருக்குங்கள். கிடைப்பது சுமார் 9.7 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டர் உயர நீர் தரும் அழுத்தமும் கிட்டத்தட்ட இதேதான்! வளிமண்டல அழுத்தத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. இந்தச் சின்னஞ்சிறு இழுவைதான் வீட்டுப் புகை முழுவதையும் வெளியே சுமந்து செல்ல வேண்டும். புகை 60 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்டால் இழுவை சுமார் 3 பாஸ்கலாக இறங்கிவிடும்.

இங்கேதான் சிக்கல். விறகை மிச்சப்படுத்த வேண்டுமானால் புகையிலுள்ள வெப்பத்தைப் பாத்திரங்கள் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். புகை வெளியேற வேண்டுமானால் அதில் வெப்பம் மிஞ்சியிருக்க வேண்டும். இரண்டு விருப்பங்களும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்பவை. பின்னால் வந்த பல அடுப்புகள் இந்த இடத்தில்தான் இடறின.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் 1934-ல் தொடங்கப்பட்டு, வார்தாவிலுள்ள மகன்வாடியிலிருந்து இயங்கியது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாதான் அதன் செயலாளர். அங்கிருந்து 1947-ஐ ஒட்டி, மண்ணால் செய்து புகைக்குழாய் பொருத்திய ‘மகன் சூலா’ என்ற அடுப்பு நாட்டுக்கு அறிமுகமாயிற்று. அடுத்து ஐதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ். பி. ராஜு, பல பாத்திரங்களை வைக்கக்கூடிய மண்ணடுப்பு ஒன்றை வடிவமைத்தார். லட்சோப லட்சம் மக்களுக்குப் புகையில்லாச் சமையலறை என்று பொருள்படும் தலைப்பில் அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூல், 1953-ல் சென்னையில் வெளியாயிற்று. புகை, கரி, வெக்கை, விரயம், தீ விபத்து ஆகிய ஐந்திலிருந்தும் விடுதலை என்பது அவர் தந்த வாக்குறுதி. அடுப்பைப் பற்றிப் பேசும்போது ‘விடுதலை’ என்ற சொல்லைக் கையாண்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நாடு விடுதலை பெற்று ஆறே ஆண்டுகள் ஆகியிருந்த காலமல்லவா!

ராஜுவின் அடுப்பில் நெருப்பின் வெம்மை முதல் பாத்திரத்தைத் தழுவி, மண்ணுக்குள் அமைந்த சுரங்கவழியே அடுத்தடுத்த பாத்திரங்களின் அடியில் சென்று, கடைசியில் குழாய்வழி கூரைக்குமேல் போகும். இடையே இழுவையைக் கூட்டவும் குறைக்கவும் உலோகத் தகடு. நம் வீட்டுக் கொடியடுப்பை அறிந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த செய்திதான். பெரிய அடுப்பில் சோறு கொதிக்கும்போதே, துளைவழி வரும் அனலில் பக்கத்துக் கொடியில் குழம்பு கொதிக்கும். ராஜுவின் அடுப்பில் கூடுதலாக இருந்தவை குழாயும் தகடும். மண்ணும் சாணமும் வீட்டில் கிடைப்பவை. காசு கொடுத்து வாங்கவேண்டியவை இவை இரண்டே. ஏழை வீட்டுக்கு ஏற்ற சீர்திருத்தம் என்பதில் ஐயமில்லை.

பிறகு ஏன் அது வீட்டுக்கு வீடு நிலைக்கவில்லை? சமையல் நடப்பதைக் கண்ணூன்றிப் பார்த்தால் காரணம் விளங்கும். மூன்று குழியுள்ள அடுப்பில் காலையில் ஒரே ஒரு பாத்திரம் வைத்துக் கஞ்சி காய்ச்சுகிறார்கள். மற்ற இரு குழிகளும் திறந்து கிடக்கின்றன. அவற்றின் வழியே குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது, குழாயின் வெப்பம் குறைகிறது, இழுவை சரிகிறது, புகை அடுப்பின் வாய்வழியே திரும்பி வருகிறது. மேலும், விறகை நறுக்காக வெட்டிப் போடவேண்டிய அளவுக்கு அடுப்பின் வாய் சிறியது. தென்னை மட்டையும் முள்விறகும் எரிப்பவர்கள் என்ன செய்வார்கள்? வாயைத் தட்டிப் பெரிதாக்கிக்கொள்வார்கள். கணக்கிட்டு அமைத்த இழுவை அத்தோடு போயிற்று.

இன்னொன்றும் உண்டு. மண்ணும் வெப்பத்தைக் குடிக்கும். 100 கிலோ மண்ணைச் சராசரியாக 50 டிகிரி சூடேற்றச் சுமார் 4,200 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிலோ காய்ந்த விறகு தருவது ஏறத்தாழ 16,000 கிலோ ஜூல். அதாவது, பானைக்குப் போகுமுன் கால் கிலோ விறகு அடுப்புக்கே உணவாகிவிடுகிறது. நாளெல்லாம் எரியும் அடுப்பில் இது பெரிதன்று. ஒருவேளை மட்டும் பற்றவைத்து அணைக்கும் வீட்டிலோ இது பெரிய நட்டம்.

ஒரு முக்கியமான கேள்வி அதுவரை எவராலும் முறையாகக் கேட்கப்படவில்லை. சமைப்பவர் உண்மையில் எவ்வளவு புகையைச் சுவாசிக்கிறார்? அமெரிக்க ஆய்வாளர் கிர்க் ஸ்மித், இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து 1981-ல் குஜராத் கிராமங்களில் இதை அளந்தார். சமைக்கும் பெண்கள் மீதே கருவியைப் பொருத்தி அளந்ததுதான் இதன் சிறப்பு. சமையல் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சராசரியாகச் சுமார் 7 மில்லிகிராம் துகள்கள் இருந்தன. 2009-ல் இந்தியா வகுத்த வெளிக்காற்றுத் தரத்தின்படி, நுண்துகள்கள் 24 மணி நேரச் சராசரியில் 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. இரண்டும் வெவ்வேறு வகை அளவுகளாதலால் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. இருப்பினும் நிலைமை எத்தகையது என்பது புரியும். திருத்தியமைத்த அடுப்புள்ள வீடுகளிலும் அளவு எதிர்பார்த்தபடி குறைந்திருக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் நன்றாக எரிந்த அடுப்பு அடுப்பங்கரையில் அப்படி எரியவில்லை.

ஏறத்தாழ அதே காலத்தில், சண்டிகர் அருகே அரியானாவிலுள்ள நாடா என்ற கிராமத்தில் வேறொரு வழி பிறந்தது. கட்டடக் கலைஞரான மது சரீன், 1980-ஐ ஒட்டி அவ்வூர்ப் பெண்களோடு சேர்ந்து ஓர் அடுப்பை உருவாக்கினார். எந்தப் பாத்திரம், எந்த விறகு, எங்கே உட்கார்ந்து சமைப்பது என்பதையெல்லாம் சமைப்பவர்களே சொன்னார்கள்; அடுப்பைக் கட்டியதும் பெண்களே. கட்டத் தெரிந்தவருக்கு அது விரிசல் விட்டால் பூசவும் தெரியும், கரி அடைத்தால் எடுக்கவும் தெரியும். என் கருத்தில், இந்த இருநூறு ஆண்டுக் கதையில் ரம்ஃபோர்டின் செங்கற்களுக்குச் சமமான கண்டுபிடிப்பு இதுவே.

மைய அரசின் தேசியத் திருந்திய அடுப்புத் திட்டம் 1983 இறுதியில் தொடங்கிற்று. காட்டு மரம் அழிவதைத் தடுப்பதே அப்போது பெரிதும் பேசப்பட்ட நோக்கம். புகையும் சமைப்பவரின் உடல்நலமும் அதன்பின்தான் நின்றன. 2002-ல் திட்டம் முடிவதற்குள் சுமார் மூன்றரைக் கோடி அடுப்புகள் கொடுக்கப்பட்டதாகக் கணக்கு. மானியத்துக்காக அடுப்பை எண்ணினார்கள். அடுத்த ஆண்டு அது எரிகிறதா என்று எண்ணியவர்கள் குறைவு.

பின்னர் ஒடிசாவில் எஸ்தர் டஃப்லோ, ரெமா ஹன்னா, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகிய மூவரும் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். மண்ணும் உழைப்பும் போக, குடும்பத்தார் கொடுத்தது கொத்தருக்குச் சுமார் 30 ரூபாய். இதைவிட மலிவான சமையலறைச் சீர்திருத்தம் இருக்க முடியாது. முதலாண்டில் சமைப்பவர் சுவாசித்த புகை குறைந்தது. பிறகு குறைவு மறைந்துவிட்டது. பழுது பார்ப்பாரில்லை, அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்துவாரும் குறைவு. இந்த முடிவுகள் 2012-ல் வெளியாயின.

குழாயில் கரி படிவதைச் சிறிய செய்தி என்று எண்ணாதீர்கள். 10 செ.மீ. உள்விட்டமுள்ள குழாயில் சுற்றிலும் 1 செ.மீ. கரி படிந்தால் விட்டம் 8 செ.மீ. ஆகிறது. புகை செல்லும் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடுகிறது! இருப்பதே ஒரு மில்லிமீட்டர் இழுவை. அது எதைத்தான் தாங்கும்?

தமிழ்நாட்டில் 2007-ல் தொடங்கிய இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016-ல் மைய அரசு தொடங்கிய உஜ்வலா திட்டமும் பல வீடுகளின் அடுப்பங்கரைக் கூரையை மேலும் கறுக்காமல் காத்தன. ஆனால் விறகடுப்பு ஒரேயடியாக மறைந்துவிடவில்லை. உருளை தீர்ந்த நாளிலும், வெந்நீர் போடவும், நெல் அவிக்கவும் அது கொல்லைப்புறத்தில் புகைந்துகொண்டுதான் இருக்கிறது. 2020-ல் உலகெங்கும் வீட்டுப் புகையால் மாண்டவர்கள் சுமார் 32 லட்சம் பேர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு.

உங்கள் வீட்டில் புகைக்குழாய் வைத்த அடுப்பு இருந்தால் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். அடுப்பு நன்றாக எரியத் தொடங்கியபின், பயன்படாத குழிகளைத் தட்டுப்போட்டு மூடிவிட்டு, புகையும் ஊதுவத்தி ஒன்றை அடுப்பின் வாயருகே பிடியுங்கள். கை சுடாதபடி சற்று விலகியே நில்லுங்கள். புகை இழை வாய்க்குள் வளைந்து சென்றால் இழுவை இருக்கிறது. உங்கள் முகத்தை நோக்கி வந்தால், அடுப்பை இடிக்க வேண்டாம். அடுப்பு ஆறியபின் குழாயைக் கழற்றித் தட்டி, முதலில் கரியை இறக்குங்கள். பிறகு குழாயின் நுனி கூரை முகட்டுக்குமேல் நிற்கிறதா என்று பாருங்கள்.