அமெரிக்க மாப்பிள்ளையா? தாலி கட்டும் முன் இந்த வார்த்தைகளைத் தெரிஞ்சுக்குங்க!

‘‘மாப்பிள்ளை அமெரிக்கா. கல்யாணம் முடிஞ்ச கையோட பொண்ணும் பிளேன் ஏறிடலாம்.’’

தரகர் இப்படிச் சொன்னதுமே நகையை அடகு வச்சு, இருக்கிற நிலத்தை வித்து கல்யாணத்தை முடிக்கிற குடும்பங்கள் உண்டு. ஆனால் தாலி வேறு, விசா வேறு. பொண்ணு எப்போ போகும், அங்கே வேலை பார்க்கலாமா, சண்டை வந்தால் என்ன கதி என்பதெல்லாம் மாப்பிள்ளை கையில் இருக்கிற பேப்பரைப் பொறுத்தது. சம்பந்தம் பேசும்போது அடிபடும் வார்த்தைகளுக்கு அர்த்தம் இதோ:

சிட்டிசன்: அமெரிக்க குடியுரிமை பெற்றவர். இவர் மனைவியை அழைக்க ஆண்டுக்கு இத்தனை பேர் என்ற கோட்டா கிடையாது. ஆனாலும் மனு, மெடிக்கல், தூதரக இன்டர்வியூ முடிய பல மாதம் ஆகும்.

கே-1 விசா: நிச்சயமான பெண்ணுக்கு உரியது. சிட்டிசன் மட்டுமே கேட்க முடியும். மனு போடுவதற்கு முந்தைய 2 வருடத்தில் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும். அமெரிக்கா போய் 90 நாளில் அதே மாப்பிள்ளையை கட்டிக்கணும். இல்லாவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். இங்கேயே கல்யாணம் முடிஞ்சிருந்தா கே-1 கிடைக்காது.

கிரீன் கார்டு: நிரந்தரமாகத் தங்கும் உரிமை. குடியுரிமை அல்ல. கிரீன் கார்டுக்காரர் மனைவியை அழைக்க கோட்டா உண்டு. வரிசையில் காத்திருக்கணும்.

நிபந்தனை கிரீன் கார்டு: மனைவி விசாவில் அமெரிக்காவுக்குள் நுழையும்போது கல்யாணமாகி 2 வருடம் ஆகலைன்னா, 2 வருட கார்டுதான் தருவார்கள். அது முடியும் முன் உள்ள 90 நாளில் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து மனு போடணும். ‘‘நான் கையெழுத்து போடலேன்னா நீ ஊருக்குத்தான்’’ என்று மிரட்டினால் பயப்படாதீங்க. அடி, உதை, விவாகரத்து என்றால் மனைவி தனியாகவே மனு போட சட்டத்தில் வழி உண்டு.

எச்-1பி, எச்-4: எச்-1பி என்பது கம்பெனி மூலம் கிடைக்கும் வேலை விசா. அவர் மனைவிக்கு எச்-4. இதில் போனவுடனே வேலைக்குப் போக முடியாது. கணவரின் கிரீன் கார்டு நடைமுறை குறிப்பிட்ட கட்டத்தை தாண்டியிருந்தால் மட்டும், 2015-ம் ஆண்டு முதல் வேலை அனுமதி கேட்கலாம். விவாகரத்து ஆனால் எச்-4 தகுதியும் போய்விடும்.

ஒருதலைப்பட்ச தீர்ப்பு: மனைவியை இங்கே விட்டுட்டு, அவர் ஆஜராகாமலே அங்குள்ள கோர்ட்டில் விவாகரத்து வாங்குவது. இந்து திருமண சட்டப்படி நடந்த கல்யாணத்துக்கு, அந்த சட்டத்தில் இல்லாத காரணம் சொல்லி, மனைவி சம்மதித்து வழக்கில் கலந்துகொள்ளாமல் வாங்கிய வெளிநாட்டு தீர்ப்பு இங்கே செல்லாது என்று சுப்ரீம் கோர்ட்டு 1991-ல் தீர்ப்பளித்துள்ளது. எனவே அங்கிருந்து நோட்டீஸ் வந்தால் கிழித்துப் போடாமல், உடனே வக்கீலைப் பாருங்க.

திருமணப் பதிவு: தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டு சட்டப்படி எல்லா திருமணத்தையும் 90 நாளில் பதிவு செய்யணும். சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர், பிறந்த தேதி ஒரே மாதிரி இருக்கட்டும். விசாவுக்கும் வழக்குக்கும் இதுதான் முதல் ஆதாரம்.

யாரிடம் போகலாம்?

பெண் அமெரிக்காவில் தவித்தால் அவசர போலீசுக்கு 911. இந்திய தூதரகத்திலும் உதவி கேட்கலாம். இங்கே என்றால் 181 என்ற பெண்கள் உதவி எண், அனைத்து மகளிர் காவல் நிலையம், டெல்லியில் தேசிய மகளிர் ஆணையத்தின் வெளிநாடு வாழ் இந்தியர் பிரிவு.

பொண்ணு கிளம்பும் முன் அதன் பாஸ்போர்ட், விசா, திருமண சான்றிதழ் நகல் ஒரு செட் பெத்தவங்க கையிலும் இருக்கணும்.

மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் மாப்பிள்ளையின் பாஸ்போர்ட், விசா நகலைக் கேளுங்க. முன்பே கல்யாணம் ஆகி பிரிந்தவர் என்றால் கோர்ட்டு தீர்ப்பு நகலையும் கேளுங்க. ஜாதகம் கேட்கிற நமக்கு இதைக் கேட்க கூச்சம் எதுக்கு?