பத்திரம் என்னும் இலை

மணமேல்குடிப் பக்கம் ‘பத்திரம்’ என்னும் சொல்லை ஒரே நாளில் இரு பொருளில் கேட்கலாம். விடியுமுன் கடலுக்குக் கிளம்புகிறவரிடம் வீட்டார் சொல்லும் ‘பத்திரம்’ ஒன்று. மனையோ வயலோ வாங்கியவர் பெட்டிக்குள் வைத்துப் பூட்டும் பத்திரம் இன்னொன்று. ஒலியும் ஒன்றே, எழுத்தும் ஒன்றே. வேர் மட்டும் இரண்டு. நன்மை, காப்பு என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது முன்னது. இலையைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது பின்னது. அம்மொழியில் இரண்டின் பகரமும் தகரமும் வேறுவேறு ஒலிப்புடையவை. நம் நெடுங்கணக்கோ ஒரு பகரமும் ஒரு தகரமுமே கொண்டது. போதாக்குறைக்கு, சூத்திரத்தையும் சத்திரத்தையும் இழைத்தது போலவே, மெய்ம்மயக்கத்துக்கு ஒவ்வாத தகர ரகரக் கூட்டைத் தகரம் இரட்டித்து இகரம் இட்டு ஆற்றிக்கொள்வது தமிழின் வழக்கம். அந்த உலையில் இரு சொற்களும் உருகி ஒன்றாயின.

இலை என்றேன். அதற்கும் அடியில் பறத்தல், விழுதல் என்னும் பொருளுடைய ஒரு வேர் கிடக்கிறது. பறக்கும் சிறகும் உதிரும் இலையும் அதனால்தான் ஒரே பெயர் பெற்றன. சிவன் கோயிலில் வில்வ பத்திரம் இன்னும் இலையாகவே இருக்கிறது. இலையில் எழுதினார்கள், எழுதிய இலை ஆவணமாயிற்று, ஆவணம் நிலத்துக்கும் கடனுக்கும் சான்றாயிற்று. பத்திரிகையும் இந்தக் கிளையில் தளிர்த்ததே. சொல்நேயர்களே, இதே வழியைத் தமிழ் தன் சொந்தச் சொல்லாலும் நடந்திருப்பதைக் காணும்போது எனக்குள் எழும் பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை. ‘முறி’ என்றால் பழந்தமிழில் தளிர். அதே முறி பிறகு எழுதப்பட்ட ஓலையாயிற்று, உரிமைச் சீட்டாயிற்று. தமிழ்நாட்டில் நாம் அதை நழுவவிட்டுப் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டோம். இலங்கைத் தமிழர் விடவில்லை. அங்கே நடுவண் வங்கி வெளியிடும் கடன் பத்திரத்துக்கு இன்றும் ‘பிணைமுறி’ என்றே பெயர்.

இந்தப் பழைய இலையின் மேல் 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஒரு புதிய பெயரை எழுதியது: தேர்தல் பத்திரம். 2018 சனவரி 2 அன்று அறிவிக்கை வெளியானது. பாரத ஸ்டேட் வங்கியின் குறிப்பிட்ட கிளைகளில், ஆயிரம், பத்தாயிரம், ஒரு லட்சம், பத்து லட்சம், ஒரு கோடி என ஐந்து மதிப்புகளில், தனியாரும் நிறுவனங்களும் அதை வாங்கி விரும்பிய கட்சிக்குக் கொடுக்கலாம். கட்சி 15 நாளுக்குள் அதைப் பணமாக்கிக்கொள்ள வேண்டும். தாளில் கொடுத்தவர் பெயர் இராது. நிலப் பத்திரத்தின் உயிரே பெயரில்தான் இருக்கிறது, விற்றவர் இன்னார், வாங்கியவர் இன்னார் என்று சொல்லாத ஏட்டை எந்த ஊரிலும் பத்திரம் என்று ஏற்க மாட்டார்கள். தேர்தல் பத்திரமோ சான்று என்னும் பின்னைய பொருளை உதறிவிட்டு, காப்பு என்னும் முன்னைய பொருளை மட்டும் வைத்துக்கொண்டது. கொடுத்தவர் பெயர் பத்திரமாக இருந்தது, வாக்காளரிடமிருந்து.

இனி அதன் முற்பாதிக்கு வருவோம். ‘தேர்தல்’ என்பது இன்று வாக்குச்சாவடியை நினைவூட்டுகிறது. ஆனால் தேர் என்னும் வினைக்கு ஆராய்தல் முதற்பொருள், கொள்ளுதல் அதன் பின் வருவது. தேர்வு, தேர்ச்சி, தேறுதல் எல்லாம் அந்த வினையின் சுற்றம். அதன் அருகிலேயே நிற்கும் ‘தெரி’ இன்னும் வியப்பானது: எனக்குத் தெரியும் என்றால் அறிவு, தெரிந்தெடுத்தேன் என்றால் விருப்பம். இலங்கைத் தேர்தல்களில் முடிவை அறிவிக்கும் அதிகாரி ‘தெரிவத்தாட்சி அலுவலர்’. அந்தப் பெயருக்குள் அறிவும் தேர்வும் பிரிக்க முடியாதபடி கிடக்கின்றன. அறியாமல் கொள்வதைக் குறிக்கத் தமிழில் வேறு சொற்கள் உண்டு. தேர்தல் அதற்குப் பொருந்தாது.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒருமனதாகச் சொன்னதும், வேறு மொழியில், இதுவே. கட்சிக்குப் பணம் கொடுப்பவர் யார் என்று அறிவது வாக்காளரின் உரிமை, அரசமைப்பின் 19ஆம் பிரிவு காக்கும் கருத்துரிமையின் பகுதி அது என்று கூறித் திட்டத்தை நீக்கினார்கள். நிறுவனங்கள் தம் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 விழுக்காடு வரைதான் கொடுக்கலாம் என்றிருந்த வரம்பை 2017இல் எடுத்தது செல்லாது என்றும் தீர்ப்பாயிற்று. பத்திரத் தாளில் புறஊதா ஒளியில் மட்டும் தெரியும் ஓர் எண் இருந்தது. மார்ச் 21 அன்று தேர்தல் ஆணையம் அந்த எண்களையும் வெளியிட்ட பிறகே கொடுத்தவரையும் பெற்றவரையும் இணைத்துப் பார்க்க முடிந்தது. வாங்கியோரில் முதலில் நின்றது கோயம்புத்தூரைச் சேர்ந்த லாட்டரி நிறுவனமான பியூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். பெற்றோரில் முதலில் நின்றது பாரதிய ஜனதா கட்சி. தமிழ்நாட்டில் தி.மு.க. தனக்குக் கொடுத்தவர்களின் பெயரைத் தானே ஆணையத்துக்குச் சொல்லியிருந்தது.

கொடுத்தது என்ன? நாம் ‘நன்கொடை’ என்கிறோம். தொல்காப்பியம் ஈ, தா, கொடு என்னும் மூன்றையும் கேட்பவரின் நிலை கொண்டு பிரிக்கிறது: தாழ்ந்தவர் ‘ஈ’ என்பார், ஒத்தவர் ‘தா’ என்பார், உயர்ந்தவர்தான் ‘கொடு’ என்பார். ஆட்சியில் இருக்கும் கட்சி ஒரு நிறுவனத்திடம் கேட்கும்போது அங்கே ஒலிப்பது ஈயும் அன்று, தாவும் அன்று. அதற்கு ஈடாக என்ன போகிறது என்ற கேள்விக்கும் நம்மிடம் அழகிய சொல் இருக்கிறது: கைம்மாறு. ஒப்பந்தமாகவோ உரிமமாகவோ திரும்பும் அந்தக் கைம்மாறு நடக்கக்கூடும் என்பதைத்தான் நீதிபதிகளும் கவலையோடு எழுதினார்கள். புதுக்கோட்டை வட்டாரத்து மொய்விருந்தில் ஐந்நூறு ரூபாய்க்கும் ஊர், பெயர் சொல்லி நோட்டில் எழுதுகிறார்கள், எழுதாத மொய் மொய்யாகாது. கோடிகளுக்கு அந்த நோட்டு இல்லாமற்போனது.

ஊர்ப்பெயருக்குத் திரும்புகிறேன். குலச்சிறை நாயனார் பிறந்த ஊரெனச் சேக்கிழார் சொல்லும் மணமேற்குடியே இன்றைய மணமேல்குடி. புணர்ச்சியில் றகரமான லகரத்தைப் பேச்சு மறுபடி மீட்டுக்கொண்டது. அதன் ஈற்றிலுள்ள ‘குடி’ முதலில் வீடு, பிறகு குடும்பம், பிறகு மன்னனுக்கு உட்பட்ட மக்கள். குடியரசில்தான் அது தலைகீழாகி, ஆளப்பட்ட குடி ஆளும் குடியாயிற்று. இங்குள்ள வாக்காளர் சட்டமன்றத்துக்கு அறந்தாங்கித் தொகுதி, நாடாளுமன்றத்துக்கு இராமநாதபுரம். 2022 முதல் ஒரு வேட்பாளர் முன்னதில் 40 லட்சமும் பின்னதில் 95 லட்சமும் செலவிடலாம். 30 நாளுக்குள் கணக்குத் தர வேண்டும், தராதவரை மூன்றாண்டு தகுதிநீக்கம் செய்யலாம். உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை முறையும் கணக்குக் காட்டாதவரை வாரியத்திலிருந்து ஒதுக்கி வைத்தது. அந்த ஓலை வாக்கல்ல, சீட்டுக் குலுக்கல்தான் என்றாலும் கணக்கில் கறார் ஒன்றே. ஆனால் இன்றைய வரம்பு வேட்பாளருக்கே, கட்சிக்கு இல்லை. கட்சியின் செலவும் வேட்பாளர் கணக்கில் சேரும் என்று 1974இல் கன்வர்லால் குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதை இல்லாமலாக்கியது. வரம்பில்லாத பக்கம் திறந்திருக்க, வரம்புள்ள பக்கத்தில் மட்டும் கணக்கு எழுதப்படுகிறது.

பத்திரம் போனபின் பணம் இப்போது பெரிதும் வருவது ‘தேர்தல் அறக்கட்டளை’ வழியே, 2013இல் வகுக்கப்பட்ட திட்டம் அது. கோயில் கட்டளைகளில் கொடுத்தவர் பெயர் கல்லில் ஏறும். இந்த அறக்கட்டளைகளும் தமக்குக் கொடுத்தவர் பட்டியலை ஆணையத்திடம் தர வேண்டும். கட்சிகளோ, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29சி பிரிவின்படி, 20,000 ரூபாய்க்கு மேற்பட்ட கொடைக்கு மட்டுமே பெயர் சொல்கின்றன. அதற்குக் கீழே வரும் கொடையில் எந்தப் பெயரும் இன்னும் தெரிவதில்லை.