மிளகாய்க்கு முந்திய காஞ்சிச் சமையல்

காஞ்சிபுரத்தைப் பட்டுக்காகவும் கோயில்களுக்காகவும் அறிந்தவர்களே மிகுதி. உணவு என்று எடுத்துக்கொண்டால் அவ்வூரின் பெயரைத் தாங்கி நிற்பது காஞ்சிபுரம் இட்லி ஒன்றுதான். அந்த இட்லியில் மிளகு உண்டு, சீரகம் உண்டு, சுக்கு உண்டு, மிளகாய் இல்லை. ஒரு பலகாரத்தில் இல்லாத ஒரு பொருள், அவ்வூரின் பழைய சமையல் எப்படி இருந்தது என்பதற்குச் சான்றாகிறது. காய்கறியும் பருப்பும் தானியமும் கொண்ட எளிய சமையலைக் காஞ்சியில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்குப் பின்னோக்கித் தொடர்ந்து செல்ல முடியும். அதற்கு ஒரு சங்க நூலும், கல்வெட்டு, செப்பேடுகளும், இன்றைய அடுப்பும் துணை செய்கின்றன.

பெரும்பாணாற்றுப்படையில் இரண்டு உணவுகள்

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளைக் கொண்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்ற பாணன், வறுமையில் வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்வதாக அமைந்த நூல் இது. வழி சொல்பவன், எந்த நிலத்தில் எந்த வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறான். பசியோடு நடப்பவனுக்கு அதைவிட முக்கியமான செய்தி வேறென்ன இருக்க முடியும்? அதனால் தொண்டை நாட்டின் மிகப் பழைய உணவுக் குறிப்பேடாகவும் இந்நூல் நமக்குப் பயன்படுகிறது.

அதில் வரும் உணவுகளில் இரண்டு மரக்கறி உணவுகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, முல்லை நிலத்துச் சீறூரில் கிடைப்பது: வரகுச் சோறும் அவரைப் பருப்பை வேகவைத்த புழுக்கும். வரகுச் சோற்றின் சிறு பருக்கைகளைப் பூளைப் பூவுக்கும், அவரைப் புழுக்கை வேங்கைப் பூவுக்கும் புலவர் ஒப்பிடுகிறார். வெண்மையும் மஞ்சளும் கலந்த அந்தத் தட்டு நம் கண்முன் வந்துவிடுகிறது. மானாவாரி நிலத்தில் விளையும் ஒரு தானியமும் ஒரு பயறும் மட்டுமே இதற்குப் போதும்.

இரண்டாவது, அந்தணர் வீட்டு உணவு. பறவையின் பெயரைக் கொண்ட ஒரு நெல்லின் சோறு. மாதுளையின் பசுங்காயைப் பிளந்து, மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் கலந்து, பசுவின் மோரிலிருந்து எடுத்த வெண்ணெயில் வேகவைத்த கறி. கூடவே மாவடு ஊறுகாய். இன்றைய வீட்டுச் சமையலில் மாதுளங்காய் இல்லை. ஆனால் காயை நறுக்கி, மிளகும் கறிவேப்பிலையும் சேர்த்துக் கொழுப்பில் வதக்கும் முறையும், தொட்டுக்கொள்ள மாவடுவும் அப்படியே இருக்கின்றன.

இவ்விடத்தில் மிளகைக் குறிக்கும் சொல் ‘கறி’ என்பதைக் கவனிக்க வேண்டும். சங்க நூல்களில் கறி என்றால் மிளகு. மிளகிட்டுச் சமைத்த பண்டத்துக்கும் பின்னர் அதே பெயர் வந்தது. காய்க்கறி, காய்கறி என்று காய்களோடு ஒட்டிக்கொண்டது. ஐரோப்பியர் வாயில் குழம்புக்கெல்லாம் பொதுப்பெயரானது. இன்றைய பேச்சுத் தமிழில் ‘கறி எடுத்தேன்’ என்றால் இறைச்சி வாங்கியதாகப் பொருள். மிளகுக்கொடியில் தொடங்கிக் கறிக்கடையில் வந்து நிற்கும் இச்சொல்லின் பயணத்தைத் தமிழ் உணவு வரலாற்றின் சுருக்கம் என்றே சொல்லலாம்.

எல்லோரும் மரக்கறி உண்டார்களா?

இல்லை. அதே பெரும்பாணாற்றுப்படையில் மருத நிலத்து உழவர் வீட்டில் வெண்ணெல் சோற்றுடன் கோழி கிடைக்கிறது. வலைஞர் குடியிருப்பில் மீன் கிடைக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்ற அங்கத நாடகம் காஞ்சித் தெருக்களில் நடக்கிறது. அதில் வரும் கபாலிகன் தொலைத்துத் தேடும் கபாலத்தில் வறுத்த இறைச்சி இருந்திருக்கிறது. புத்த பிக்கு ஒருவரோ, வணிகர் வீட்டில் மீனும் இறைச்சியுமாகப் படைக்கப்பட்ட விருந்தை மெச்சிக்கொண்டே வருகிறார். கேலிதான், ஆனாலும் நகரில் என்ன சமைத்தார்கள் என்பது கேலியிலும் தெரிகிறது.

சமணமும் பக்தி இயக்கமும் பரவியபின் புலால் விலக்கிய உணவு மதிப்புப் பெற்றது. நகரின் ஒரு பகுதியான திருப்பருத்திக்குன்றம் இன்றும் சமணக் காஞ்சி எனப்படுகிறது. புலால் இல்லாத சாப்பாட்டைத் தமிழர்கள் ‘சைவம்’ என்று சமயப் பெயரால் அழைப்பதும் இந்த வரலாற்றின் விளைவே. எனவே, காஞ்சியில் ஆதிமுதல் எல்லோரும் காய்கறி மட்டுமே உண்டனர் என்று எழுதுவது சரியாகாது.

கறியமுது

கோயில்கள் பெருகியபின் சமையல் கல்லிலும் செம்பிலும் எழுதப்பட்டது. தெய்வத்துக்குப் படைக்கும் எதையும் ‘அமுது’ என்று சேர்த்துச் சொல்வது கல்வெட்டு வழக்கு: கறியமுது, நெய்யமுது, தயிரமுது, அடைக்காயமுது. தமிழகம் முழுவதும் இந்தச் சமையல் ஏறத்தாழ ஒரே மாதிரியானது என்பதால் பிற ஊர்க் கல்வெட்டுகளும் காஞ்சியைப் புரிந்துகொள்ள உதவுகின்றன. 9ஆம் நூற்றாண்டில் வரகுண பாண்டியன் காலத்து அம்பாசமுத்திரம் கல்வெட்டு காய்க்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி, பொரிக்கறி என்று கறிகளை வகை பிரிக்கிறது. புளி சேர்த்தது, வேகவைத்தது, பொரித்தது என்று இன்றைய இலையில் பரிமாறும் முறையே அங்கும் இருக்கிறது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகள் அரிசி, பருப்பு, நெய், தயிர், புளி, சர்க்கரை, வாழைப்பழம் ஆகியவற்றோடு மிளகு, கடுகு, சீரகத்தையும் அளவோடு குறிக்கின்றன. அரிசிக்குக் குறுணியும் நாழியும். மிளகுக்கோ ஆழாக்கும் செவிடும். ஒரு நாழியில் 8 ஆழாக்கு, ஓர் ஆழாக்கில் 5 செவிடு. மேற்கு மலைகளிலிருந்து வர வேண்டிய மிளகை எவ்வளவு சிக்கனமாகக் கையாண்டார்கள் என்பது இந்தச் சிற்றளவுகளிலேயே தெரிகிறது.

‘கறியமுது’ என்ற சொல் வீட்டு வழக்கிலும் நிலைத்திருக்கிறது. வைணவ வீடுகளில் பொரியலை இன்றும் ‘கறமது’ என்பார்கள். ரசம் ‘சாத்தமுது’, பாயசம் ‘திருக்கண்ணமுது’. கல்வெட்டுச் சொல் வாய்ப்பேச்சில் தேய்ந்து அடுப்படியில் கிடக்கிறது.

கோயில் இட்லி

காஞ்சி வரதராசப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் செய்யப்படுவதே காஞ்சிபுரம் இட்லியின் மூலவடிவம். பச்சரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், கறிவேப்பிலை, நெய் சேர்ப்பார்கள். ‘குடலை’ எனப்படும் நீண்ட மூங்கில் கூடையில் மந்தாரை இலைகளை உள்பக்கம் பரப்பி, மாவை ஊற்றி, ஏறக்குறைய 3 மணி நேரம் ஆவியில் வேகவைப்பார்கள். உருளையாக வெந்து வருவதைத் துண்டுகளாக நறுக்கிக் கொடுப்பார்கள். மாவு கொரகொரப்பாக இருப்பதால் கனத்த உருளையின் நடுப்பகுதி வரை ஆவி புகுகிறது. புளிப்பும் மிளகும் சுக்கும் நெய்யும் சேர்வதால் சாதாரண இட்லியைவிட இது தாங்கும். பயணத்துக்கு எடுத்துச் செல்லலாம். வீடுகளில் குடலை இல்லாதபோது டம்ளரில் வாழையிலையை வைத்து ஊற்றுவார்கள்.

இந்த இட்லியைப் பல்லவர் காலத்தது என்று சொல்லிவிடுபவர்கள் உண்டு. இட்லியின் பெயர் முதலில் தென்படுவது 10ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையில், ‘இட்டலிகெ’ என்று. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய அரசன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த மானசோல்லாசத்தில் சொல்லப்படுவது உளுந்தால் மட்டும் ஆனது. அரிசி கலந்து புளிக்கவைக்கும் இன்றைய வடிவம் அதற்குப் பிந்தியது என்றே கொள்ள வேண்டும். ஆனால் அதில் இடும் மிளகும் கறிவேப்பிலையும் கொழுப்பும் பெரும்பாணாற்றுப்படையின் மாதுளங்காய்க் கறியிலேயே இருக்கின்றன. பலகாரம் இளையது, தாளிதம் முதியது.

கடல் கடந்து வந்த காய்கள்

1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். அதை அடுத்த நூற்றாண்டில் அமெரிக்கக் கண்டத்துச் செடியான மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக இந்தியாவில் பரவியது. மிளகைப் போல் காரம் தரும் காய் என்பதால் மிளகாய். தக்காளியும் உருளைக்கிழங்கும் பின்னர் வந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரியில் ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிடச் செய்தார். முட்டைக்கோசும் கேரட்டும் பீன்ஸும் சந்தைக்கு வந்தபோது மக்கள் அவற்றை ‘இங்கிலீஷ் காய்’ என்றார்கள். கத்தரி, அவரை, புடலை, பாகல், பூசணி, வாழை ஆகியவை ‘நாட்டுக் காய்’ ஆயின.

புதிய காய்கள் எல்லா அடுப்பிலும் ஏறிவிடவில்லை. கோயில் மடைப்பள்ளி அவற்றைத் தள்ளி வைத்தது. திவசச் சமையலிலும் மிளகாய் கிடையாது. வாழைக்காயும் பாகற்காயும் சேப்பங்கிழங்கும் மிளகு சீரகத்தோடு சமைக்கப்படும், பிரண்டைத் துவையல் இருக்கும். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரருக்கும் செய்யும் பத்தியச் சமையலிலும் மிளகே. தெய்வம், இறந்தவர், நோயாளி ஆகிய மூவருக்கான சமையலில் யாரும் புதுமை செய்து பார்ப்பதில்லை. அதனால்தான் 16ஆம் நூற்றாண்டுக்கு முந்திய சுவை இந்த மூன்று இடங்களிலும் தங்கிவிட்டது என்று தோன்றுகிறது.

கணக்கில் வராத அடுப்பு

காஞ்சி ஊரகத்துக் கோயிலைப் பற்றிய உத்தம சோழனின் செப்பேடு ஒன்று சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. அக்கோயிலின் வரவு செலவைக் கவனிக்கும் பொறுப்பு, நகரின் நெசவாளர்களான பட்டசாலியர் வாழ்ந்த சேரிகளிடம் ஒப்படைக்கப்பட்டதை அது சொல்கிறது. இறைவனின் அமுதுபடிக்கு நெல் வரும் வழியைப் பார்த்துக்கொண்ட நெசவாளர், தம் வீட்டில் என்ன சாப்பிட்டனர் என்பதை எந்தச் செப்பேடும் எழுதவில்லை.

எளிய உணவு என்று இன்று நாம் போற்றுவதில் பெரும்பகுதி, நெல்லும் நெய்யும் மிளகும் வாங்க முடிந்தவர்களின் உணவு. பெரும்பாணாற்றுப்படையின் இரண்டு தட்டுகளில் அந்தணர் வீட்டுத் தட்டுதான் கல்வெட்டுக்குள் நுழைந்தது. முல்லை நிலத்து வரகும் அவரையும் வெளியிலேயே நின்றுவிட்டன. கோயில் படையலில் நெல்லரிசிக்கே இடம். சிறுதானியம் ஏழைகளின் கூழாகவும் களியாகவும் தொடர்ந்தது. காஞ்சி வட்டாரத்தில் அதற்குத் தெய்வத்தின் முன் இடம் கிடைப்பது ஆடி மாதத்தில்தான். மாரியம்மன் கோயில்களில் கேழ்வரகுக் கூழ் ஊற்றுவார்கள், முருங்கைக்கீரைப் பொரியலும் உடன் இருக்கும்.

மிளகாயை முதலில் மனமார ஏற்றிருக்கக்கூடியதும் இந்தக் கூழ் குடித்த வீடுகள்தாம் என்பது என் கருத்து. செவிடு செவிடாக அளக்க வேண்டிய மிளகுக்குப் பதில், கொல்லையில் ஒரு செடி வைத்தால் ஆண்டு முழுவதும் காரம் கிடைத்தது. மோர் மிளகாயைக் கடித்துக்கொண்டு கூழ் குடிப்பவருக்கு அது சிறிய லாபமல்ல. மிளகாய் வந்ததால் பழைய சமையல் கெட்டது என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

மடைப்பள்ளிக்குள் மிளகாய் இன்றும் நுழையவில்லை. வெளியே, காஞ்சிபுரத்து உணவகங்களில், நறுக்கிய கோயில் இட்லித் துண்டுக்குத் தொட்டுக்கொள்ள நல்லெண்ணெய் ஊற்றிய மிளகாய்ப் பொடியும் வைக்கிறார்கள்.